நாலாவது விளக்கு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், உன் மருமகள் சுண்டெலி மூவரும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் மக்கர் செய்கிறது. பத்து வருடமாக டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பதிலாக நான் பிரேக் மிதித்ததற்குக் கிடைத்த பரிசு. உன் இருமல் எப்படி இருக்கிறது?

போனில் கேட்காமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைக்காதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை. தகராறு வரக்கூடிய விஷயமெல்லாம் காகிதத்தில்தான் என்று நாமே போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இருக்கிறதே. இது தகராறு வரக்கூடிய விஷயம்.

உன் அத்தானுக்கு மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. சுண்டெலியின் பழைய பள்ளித் தோழிகள் மூன்று பேர், சனிக்கிழமை நாலு மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தபடியே சேர்ந்து ஒரு கேம் ஆடுகிறார்கள். 'நாலு விளக்கு' என்று பெயர். பேய்க் கேம். நாலு பேர் ஆடுவது. நாலாவது இடத்தை இவளுக்காகக் காலியாக வைத்திருக்கிறார்களாம். கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 16 என்று சிவப்பு முத்திரை. இவளுக்கோ பதினொன்று. முடியாது என்றேன். "அந்த முத்திரையைக் குத்துறதே மாமா ஆபீஸ்தானே? மாமா சரின்னா சரி. வேண்டாம்னா நான் வாயே திறக்க மாட்டேன்" என்கிறாள். இவள் வாய் திறக்காமல் இருப்பாள் என்பதை நான் நம்பவில்லை. ஆனாலும் சரி என்று ஒத்துக்கொண்டுவிட்டேன்.

ஒழுங்காகச் சாப்பிடு. பதிலை உடனே போடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இருமல் போயே போய்விட்டது. முழங்காலை டாக்டரிடம் காட்டு. தைலம் தடவிக்கொண்டு காலத்தை ஓட்டாதே.

'நாலு விளக்கு' பற்றி நீ சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். அதற்குப் பதினாறு கொடுத்தவன் நானேதான்.

பூட்டிக்கிடக்கும் பெரிய நீச்சல்குளக் கட்டடம். தண்ணீர் இல்லாத குளங்கள், வழுக்கும் தரை, வரிசையாக உடை மாற்றும் அறைகள். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு விளக்கோடு உள்ளே போய்ச் சாவிகளைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். உள்ளே நெட்டையன் என்று ஒன்று நடமாடுகிறது. ஓடாது, கத்தாது. மெதுவாக நடந்து வந்து முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடும். ரத்தம் ஒரு சொட்டு கிடையாது, கெட்ட வார்த்தை ஒன்று கிடையாது. இருந்தும் என் அறிக்கையில், 'தொடக்கம் முதல் இறுதி வரை இடைவிடாத அச்சம். ஆறுதலுக்கு இடமே இல்லை' என்று எழுதியிருக்கிறேன். ஒன்பது வருடமாக இந்த வேலை பார்ப்பவன் சொல்கிறேன், இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. வேண்டாம்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. இந்தத் தலைமை அலுவலகத்துக்கு வந்து இரண்டு வருடம் ஓடிவிட்டது. எண்பது பேர் வேலை செய்கிற இடம். கேன்டீனில் ஜன்னலோர மேஜை தினமும் எனக்கே கிடைத்துவிடுகிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 17

அன்புள்ள ரூல்தடி மாமாவுக்கு,

சுண்டெலி எழுதும் மனு. நான் நலம். நீங்களும் நலமாக இருந்தால்தான் இதைப் பொறுமையாகப் படிக்க முடியும், ஆகவே தயவுசெய்து நலமாக இருங்கள்.

மாமா, எனக்குப் பதினொரு வயது பத்து மாதம். அம்மா எழுதியபோது பத்து மாதத்தை விட்டுவிட்டார். நான் இருட்டில் மாடிக்குத் தனியாகப் போவேன். பல் பிடுங்கியபோது அழவில்லை, அப்பாதான் அழுதார். பேய் உண்மையில்லை என்று எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை வரைதான் காத்திருப்பார்களாம். நாலு பேர் ஆடவேண்டியதை மூன்று பேராக ஆடுவதால் ஒவ்வொரு வாரமும் தோற்கிறார்கள். பாவம் மாமா, எனக்காகப் பதினோரு தடவை தோற்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருத்தியின் அத்தை மகளைச் சேர்த்துக்கொள்வார்கள். அவளுக்கும் பதினாறு ஆகவில்லை. ஆனால் அவளுக்கு உங்களைப் போல மாமா இல்லை.

இன்னொரு விஷயம். புதுப் பள்ளியில் என் பெஞ்சில் நான் மட்டும்தான். வசதிதான், பை வைக்க இடம் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். வண்டியில் உட்கார்ந்து அதையே யோசிப்பார், யாராவது மரத்தில் போய் மோதுவார்கள்.

சாதகமான பதிலை எதிர்பார்க்கும்,
சுண்டெலி


மார்ச் 24

அன்புள்ள சுண்டெலிக்கு,

மாமாவின் ஆசிகள். உன் ஆணைப்படி நலமாக இருக்கிறேன். மனு அருமை. எங்களுக்கு வரும் மனுக்களில் பாதிக்கு இந்தத் தெளிவு கிடையாது. இருந்தும் மறுக்க வேண்டியிருக்கிறது.

பதினாறு ஆக உனக்கு இன்னும் நாலு வருடம் இரண்டு மாதம் பாக்கி. என் மருமகள் என்பதற்காக நான் அதைச் சுருக்கினால் நாளைக்கு என்ன ஆகும்? எங்கோ ஒரு அம்மா என் முத்திரையை நம்பித்தானே தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறாள்? அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பயம் என்றால் நீ நினைக்கிற மாடிப்படிப் பயம் இல்லை. அந்த விளக்கு இருக்கிறதே, டீ சாஸர் அளவு வெளிச்சம்தான் தரும். கடைசி வரை அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கம் நெட்டையன் எங்கே நிற்கிறான் என்றே தெரியாது. சொல்லப்போனால், ஆடி முடித்து மூன்று நாள் குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளித்தேன். இதை ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை.

பெஞ்ச் விஷயத்தை அம்மாவிடம் சொல்ல மாட்டேன். தனியாக உட்காருவது முதலில் ஒரு மாதிரி இருக்கும். பழகிவிடும். மாமா சொல்கிறேன், பழகிவிடும்.

நன்றாகப் படி.

அன்புள்ள மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அனைவரும் சுகம். முழங்காலுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மாத்திரைக்கு வயிற்றுவலி வந்திருக்கிறது.

உன் கடிதத்தைச் சுண்டெலி எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். கடைசிக்கு முந்தைய பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டாள். அதில் என்ன எழுதித் தொலைத்தாயோ, கேட்டால் "எனக்கும் மாமாவுக்கும் ஆயிரம் இருக்கும்" என்கிறாள். படித்து முடித்து அழப்போகிறாள் என்று பார்த்தால், யோசிக்கிறாள்.

"அம்மா, மாமாவோட விளக்கு ஏன் சாஸராவே இருந்துச்சு? ரெண்டு பேர் கிட்டக் கிட்ட நின்னாலே ஒரு ரூம் முழுக்க வெளிச்சமாயிடும். நாலு பேரும் சேர்ந்து நின்னா பட்டப்பகல்தான். நெட்டையன் கூச்சப்பட்டுக்கிட்டு மூலையில திரும்பி நின்னுப்பான். அந்த கேமே அப்படித்தான்னு அவங்க சொன்னாங்க."

எனக்குக் கேம் தெரியாது. பயம் தெரியும். தினமும் எட்டு மணி நேரம் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஒரு பல் டாக்டர் வந்தார். ஊரார் வாயில் தைரியமாகக் கை விடுகிற மனிதர், ரவுண்டானாவைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பிரேக்கில் கால் வைத்தபடி அவருடைய மாமியாரைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது சுற்றில் மனிதர் சிரிக்கிறார். அதே ரவுண்டானாதான். அவரைத் தனியாக விட்டிருந்தால் ரவுண்டானாவுக்கே பதினாறு முத்திரை குத்தச் சொல்லியிருப்பார்.

அதனால் ஒரே ஒரு கேள்வி. நீ அதை ஆடியபோது உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 20

தம்பி,

நலம். நீ நலமா என்று தெரியவில்லை. பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்கா" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை யாரோடு மீட்டிங்?

வருகிற சனிக்கிழமைதான் கடைசி. நானே சரி என்று சொல்லித் தொலைத்துவிடலாம். ஆனால் மாமா சொல்வதுதான் முடிவு என்று நானும் அவளும் பேசிக்கொண்டாயிற்று. அவள் அந்த வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் தபால்பெட்டியைத் துழாவுகிறாள். நான் நடுவில் ஆட்டத்தை மாற்றினால் நன்றாகவா இருக்கும்?

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. தாமதத்துக்குக் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை, வெட்கம்தான்.

உன் கேள்விக்குப் பதில்: யாருமில்லை.

என்னோடு சேர்ந்து பார்க்கிறவர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். சேர்ந்து ஆடும் விளையாட்டை இரண்டு பேர் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் ஒருவன். எண்பது பேரில் ஒருவரை, "கொஞ்சம் வந்து உட்காருங்களேன்" என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடத்தான் போனேன். கோப்பு அறை வாசல் வரை போனேன். உள்ளே நாலு பேர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இரண்டு கன்ட்ரோலரையும் நானே எடுத்துக்கொண்டேன். ஒன்று கையில், இன்னொன்று மடியில். ஒருவனைப் பத்தடி நடத்தி நிறுத்துவேன், பிறகு மடியில் இருப்பவனைக் கிளப்புவேன். அதற்குள் நெட்டையன் முதலாமவனைப் பிடித்திருப்பான். அவனைக் காப்பாற்றப் போனால் இவனைப் பிடிப்பான். இருவரையும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தனித்தனி அலமாரியில் ஒளித்து வைத்தேன். அதுதான் அந்த ஆட்டத்திலேயே செய்யக்கூடாத காரியமாம். நாலு நாள் இப்படி. இரண்டாவது கையெழுத்தை மேலதிகாரி, "நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்று படிக்காமலே போட்டுவிட்டார்.

தனியாக ஆடினால் எப்படி இருக்கும் என்பதைத்தான் நான் எழுதி வைத்திருக்கிறேன். அதை யாரும் தனியாக ஆடப்போவதில்லை. நீ கேட்ட அன்றே இது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒத்துக்கொள்ள ஒரு மாதம் பிடித்தது. நேற்று, என் மதிப்பீடு பிழை என்று எழுதிக் கொடுத்து மறுபார்வை கேட்டேன். அதற்கு ஒரு படிவம் உண்டு. இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது, கட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

சனிக்கிழமை போய்விட்டது என்று தெரியும். சுண்டெலி என்ன சொன்னாள்?

தம்பி


மே 8

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம், கண் வீங்கிய ஒரு ஆளைத் தவிர.

அத்தை மகள் சேர்ந்துவிட்டாள். சுண்டெலி ஒரு மணி நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு போன் செய்து, ஜெயித்தார்களா என்று கேட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றார்கள். "நல்லதுடி" என்று சொல்லி வைத்துவிட்டு இன்னொரு மணி நேரம் அழுதாள்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறாயே என்று உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அதற்கு அரசாங்க முத்திரை வேறா என்றெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். ஆனால் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அங்கே வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை என்று எழுதுகிறாய், நானும் நம்பிக்கொண்டு முழங்கால் புராணம் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்து சீட்டில் இருப்பவன் மூச்சை வைத்தே பயத்தைக் கண்டுபிடிப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள்! சொந்தத் தம்பியைக் கோட்டை விட்டுவிட்டேன்.

சுண்டெலி அன்றைக்குக் கையால் மறைத்த பத்தியையும் இப்போது படிக்கக் கொடுத்தாள். இவள் ஏழு மாதமாகப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், நீ அவளுக்குப் பழகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். டேய், அதெல்லாம் பழகக் கூடாதுடா.

பிழை என்று கையெழுத்துப் போட்டாயே, அதற்காக உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. இதைப் போனில் சொல்ல மாட்டேன்.

சாப்பிடு.

அக்கா


மே 26

அன்புள்ள சுண்டெலிக்கு,

மாமாவின் ஆசிகள். பன்னிரண்டு முடிந்ததற்கு வாழ்த்துகள். நீ நலம்தானா? நிஜமாகக் கேட்கிறேன்.

மறுபார்வை முடிந்தது. இரண்டாவது ஆளாகக் கோப்பு அறைக்காரரை மேலதிகாரியே நியமித்தார். ஆறடி உயரம், மீசை, கரகரத்த குரல். நெட்டையன் முதல் தடவை மூச்சு விட்டதும் மனிதர் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, "சார், போயிடலாம் சார், வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். கத்திய கத்தலில் கீழ்மாடியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் போகவில்லை. மாலைக்குள் நாற்காலிக்குப் பின்னால் ஒன்பது பேர், ஆளுக்கொரு யோசனை. நாங்கள் இருவரும் ஒட்டிக்கொண்டே நடந்தோம். நீ சொன்னது சரி. முழு அறையும் தெரிந்தது. சுவரில் மீன் படம் வரைந்திருக்கிறது, எனக்கு அது தெரியவே தெரியாது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

இனி பெட்டியில் 12 என்று இருக்கும். கீழே, 'முதல் தடவை பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியை மூடி வைக்கவும். தனியாக ஆட ஏற்றதல்ல' என்று இருக்கும். கடைசி வரி நான் கேட்டுச் சேர்த்தது.

உன் தோழிகள் உனக்காகத் தோற்றார்கள். உன் இடம் போனது என்னால்தான். சரியாகப் பார்த்திருந்தால் போயிருக்காது. பார்க்காமல் விட்டதோடு, நீ கண்டுபிடித்துக் கேட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு.

மாமா


ஜூன் 24

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம், இந்தத் தடவை நிஜமாக. மன்னித்துவிட்டேன். கோப்பு அறைக்காரர் உங்கள் காலரைப் பிடித்த இடத்தை அப்பா நாலு தடவை படிக்கச் சொன்னார்.

அவர்கள் என்னை ஐந்தாவதாகச் சேர்க்க முடியாது, ஆட்டத்தில் விளக்கு நாலுதான். ஆகவே வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். கேட்பதற்கு முன்னால் மூன்று தடவை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முதல் ஆள் பயமாக இருக்கிறது என்றாள். இரண்டாவது ஆள் வீட்டில் விடமாட்டார்கள் என்றாள். மூன்றாவது ஆள் எனக்குப் பின் பெஞ்ச். "நீ யார்கிட்டயும் பேச மாட்டேன்னு இல்ல நாங்க நினைச்சோம்? இத்தனை நாள் எங்கடி போயிருந்தே?" என்றாள். இப்போது என் பெஞ்சில் பை வைக்க இடமில்லை.

அம்மாவும் ஆடுகிறார். நெட்டையன் வரும்போதெல்லாம் தரையில் பிரேக் மிதிக்கிறார். "பாரு, கையே காட்டாம திரும்புறான்" என்று அவனைத் திட்டுகிறார். முழங்கால் வலி கூடிவிட்டது. ஆனால் சனிக்கிழமை வகுப்பை எல்லாம் ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்.

மூன்று பேர்தான் ஆகியிருக்கிறோம், ஆகவே ஒவ்வொரு வாரமும் தோற்கிறோம். நாலாவது ஆளுக்கு நான் ஒரு பெயரைச் சொன்னேன். அம்மா, "நீ கூப்பிடாதே. வேணும்னா கேட்கட்டும்" என்றார். ஆகவே நான் யாரையும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை நாலு மணி என்பதைச் சும்மா தகவலுக்காக எழுதுகிறேன்.

அன்புடன்,
சுண்டெலி


ஜூன் 30

அன்புள்ள சுண்டெலிக்கும் அக்காவுக்கும்,

இது நான் எழுதும் ஆறாவது காகிதம். முதல் ஐந்திலும் கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு எல்லாவற்றையும் பற்றி எழுதியிருந்தேன். அதனால் நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு சனிக்கிழமை நாலு மணிக்கு எந்த வேலையும் இல்லை. இரண்டு வருடமாக எந்த சனிக்கிழமையும் இருந்ததில்லை. நான் நன்றாக ஆட மாட்டேன். கத்துவேன். சாவியைக் கீழே போட்டுவிடுவேன். பின் பெஞ்ச் தோழி என்னைப் பார்த்துச் சிரிக்கலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

என்னையும் உங்களோடு சேர்த்துக்கொள்வீர்களா?

எல்லோரும் நலம்தானே?

மாமா